லேபிள் இல்லாத லோடு

மூக்குத்தியில்கூடக் கல் வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு டைமண்ட் அக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, யாரோ வசதியான வீட்டு அம்மா பொழுது போகாமல் கம்பெனிக்கு வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மத்தியானம் பார்த்தால், முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு, சுடிதார்மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நீல டிரம் ஒன்றின்முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். டிரம்மின் வயிற்றைத் துணியால் துடைத்து, ஒரு லேபிளை ஒட்டி, அதன் நான்கு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். குழந்தைக்கு நெற்றியில் பொட்டு வைக்கிறவர்கள்கூட அவ்வளவு பொறுமையாக வைக்க மாட்டார்கள்.

அந்த லேபிளுக்குத்தான் டைமண்ட் என்று பெயர். முனையில் நிற்கும் சதுரம். உள்ளே தீ, மண்டையோடு, கையை அரிக்கும் ஆசிட் சொட்டு என்று ஒரு படம், கீழே ஒரு நம்பர்.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் இருந்த கெமிக்கல் குடோன் அது. சாயப்பட்டறைக்கும் பிளீச்சிங் யூனிட்டுக்கும் வேண்டிய பெராக்சைடு, காஸ்டிக், ஆசிட், சாய உப்பு எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். நான் பில் போடுகிறவள். அக்கா உடுமலைப்பேட்டையில் கெமிஸ்ட்ரி படித்தவர். வருகிற ஒவ்வொரு சரக்கும் எந்த அபாயத்தில் சேரும் என்று பார்த்து, அதற்குரிய டைமண்டை ஒட்டி, எது எதோடு ஒரே லாரியில் போகலாம், எது போகவே கூடாது என்று முடிவு செய்வது அவருடைய வேலை. அவர் தலையாட்டாமல் எங்கள் கேட்டை விட்டு ஒரு வண்டி நகராது.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"நல்லா இருக்கறப்ப இது என்ன பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும் கண்ணு. கோவம் வந்தா என்ன பண்ணும்? அதைச் சொல்லு."

ஹைட்ரோஸ் என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. சாயத்தைக் கழற்ற உதவுவது. மூடி இருக்கும்வரை சாது. கொஞ்சம் தண்ணீர் பட்டால் தானாகவே சூடேறிப் புகைந்து எரியும். பெராக்சைடு தானாக எரியாது, எரிகிறதைக் கிளப்பிவிடும். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொல்லி ஓனர் ஒருநாள் ஒற்றைக் காலில் நின்றார். ஒரே பட்டறை, ஒரே ரோடு, எதற்கு இரண்டு டீசல் என்பது அவர் நியாயம்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க சார், சம்பந்தம் பேசி முடியாம அடிச்சுக்கிட்ட ரெண்டு குடும்பத்தை ஒரே வேன்ல ஏத்திக் கல்யாணத்துக்கு அனுப்புவீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஓனருக்குச் சொந்தத்தில் அப்படி ஒரு கதை ஓடிக்கொண்டிருந்த சமயம். சிரித்துவிட்டு இரண்டாவது வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் ஆயுதபூஜை அன்று நடந்ததுதான் எங்கள் கம்பெனியில் புராணமாகிப் போனது. குடோனைக் கழுவிக் கோலம் போட்டு, டிரம்முக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணிக்காயும் தயாராக இருந்தது. ஓனர் கற்பூரப் பாக்கெட்டைப் பிரிக்கப் போனார். அதன்மேல் ஒரு டைமண்ட் ஒட்டியிருந்தது. சிவப்பு வெள்ளைக் கோடு, நடுவில் தீ.

"என்னம்மா இது?"

"தீப்பிடிக்கிற திடப்பொருளுங்க சார். கற்பூரம் அந்த கிளாஸ்லதான் வருது. ரூல்லயே இருக்குதுங்க."

"சாமி கும்பிடறதுக்குமா டைமண்டு?"

"சாமிக்கு இல்லீங்க, கற்பூரத்துக்கு. கேட்டுக்கு வெளியில வெச்சுக் காட்டீட்டு வந்துருங்க. சாமி கோவிச்சுக்காது. உள்ள இருக்கற சரக்கு கோவிச்சுக்கும்."

கூட்டத்தில் யாரோ, வேதக்காரப் பொண்ணு கற்பூரத்தைத் தடுக்குது பாரு என்று முணுமுணுத்தார்கள். அக்கா கிறிஸ்தவக் குடும்பம். அவர் காதில் அது விழுந்தது. முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் நகரவில்லை. கடைசியில் ஓனரே தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க, நாங்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்று ஆரத்தியைத் தொட்டுக் கும்பிட்டோம். அக்காதான் முதலில் பொரிகடலை வாங்கிச் சாப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் மெழுகுவர்த்தி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

டிரம்மோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் ஒட்டுவார். சில சரக்குகளுக்கு ஒரு டைமண்ட் போதாது. அசிட்டிக் ஆசிட் தோலையும் அரிக்கும், தீயும் பிடிக்கும். எது பெரிதோ அது முதல் அபாயம், மற்றது இரண்டாம் அபாயம். எங்கள் ஓனருக்கு முதல் அபாயம் அவசரம், இரண்டாம் அபாயம் சிக்கனம் என்பார். டீ கொண்டுவருகிறவருக்கு முதல் அபாயம் மறதி. எனக்கு என்ன என்று கேட்டேன்.

"உனக்கு மொதல் அபாயம் வாய் கண்ணு. ரெண்டாவது ஒண்ணுமில்ல."

"அண்ணனுக்கு?"

அண்ணன் என்பது அவருடைய வீட்டுக்காரர். எங்கள் கம்பெனியிலேயே லாரி டிரைவர். அந்தக் கேள்விக்கு அக்கா யோசிக்கவே இல்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைமேல் தட்டி, "அவரா? அவரு இதுதான். லேபிளே வேண்டாம். எதோட வேணா வெக்கலாம், எங்க வேணா அனுப்பலாம்," என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். அந்த வயதில் அவர் வெட்கப்பட்டதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"அப்ப உங்களுக்குங்க்கா?"

"எனக்கு நானே ஒட்டிக்க முடியுமா? வேற யாராச்சும்தான் பாத்து ஒட்டோணும்."

அண்ணனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். கால் முழுக்க வெடிப்போடு அவர் நடந்ததைப் பார்த்துப் பார்த்து, செத்தாலும் உப்பைத் தொடுவதில்லை என்று ஊரைவிட்டுத் திருப்பூருக்கு வந்தவர். இங்கே பனியன் பண்டல் ஏற்றுகிற வண்டியில் கிளீனராக இருந்து டிரைவரானார். சர்ச்சில் அக்காவைப் பார்த்தார். அக்கா வீட்டில், படித்த பெண்ணை லாரிக்காரனுக்குக் கொடுப்பதா என்று நெடுநாள் இழுத்தார்கள். "அவுங்க எல்லாம் வெளியில இருக்கற பெயிண்டைப் பாத்தாங்க. நான் உள்ள இருக்கற சரக்கைப் பாத்தேன்," என்று அக்கா ஒரு தடவை சொன்னார். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அவருக்கு அண்ணன், அண்ணனுக்கு அவர், அவ்வளவுதான் குடும்பம்.

கொங்கு நாட்டு மரியாதையும் தூத்துக்குடித் தடாலடியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் தெரியும். அவர் ஏட்டி என்பார், இவர் ஏனுங்க என்பார். அவர் நாலு வார்த்தை திட்டினால் இவர் "ஆமாங்க" என்று ஒரே வார்த்தையில் மொத்தத்தையும் நனைத்து அணைத்துவிடுவார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அண்ணன் அப்போதெல்லாம் பெராக்சைடு வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியின் நெற்றியில் மாதா படம், பின்னால் அக்கா ஒட்டிய டைமண்ட். ஒருநாள் பல்லடம் பக்கம் வண்டி திரும்பும்போது ஒரு கேனின் மூடி தெறித்து, வண்டியை நிறுத்திக் கயிற்றை இறுக்கப் போனவர் கைமேல் பெராக்சைடு கொட்டிவிட்டது. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றினார். அக்கா சொல்லிக்கொடுத்த பாடம் அது. கை பிழைத்தது. ஆனால் முழங்கைக்குக் கீழே தோல் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப் புண்ணாகி, ஆறிய பிறகும் தழும்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அண்ணன் அந்தக் கையைக் காட்டி, "பாத்தியளா, உங்க அக்கா ஒட்டுன ஸ்டிக்கரு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. அபாயம்னு போட்டா, அபாயம் வந்துட்டுல்லா," என்று எங்களிடம் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த லோடுக்கு டைமண்ட் ஒட்டியதும் அவர்தான், வண்டி போகலாம் என்று தலையாட்டியதும் அவர்தான். அதற்குப் பிறகு அண்ணன் வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கேன் மூடியையும் அக்கா மூன்று நான்கு தடவை திருகிப் பார்ப்பார். வண்டி போன பிறகும் கேட்டில் நிற்பார். நாலைந்து மாதத்தில் ஆளே பாதியாகிவிட்டார்.

பிறகு ஓனரிடம் போனார். அத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"சார், அவரை உப்புக்குப் போட்டுருங்க."

சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவர எங்கள் கம்பெனியில் பழைய லாரி ஒன்று இருந்தது. தூரம் அதிகம், பேட்டா குறைவு என்று யாரும் அந்த வண்டிக்கு ஆசைப்படுவதில்லை. ஓனருக்கு லாபம்தான், உடனே சரி என்றார். மற்ற டிரைவர்கள், "டைமண்ட் அக்கா அவுங்க வைரத்தைப் பத்திரமாப் பெட்டியில வெச்சுப் பூட்டீட்டாங்கடா," என்று கிண்டல் செய்தார்கள். அக்காவும் மறுக்கவில்லை.

அண்ணன்தான் பாவம். "உப்ப விட்டு ஓடி வந்தவன திரும்பவும் உப்புக்கே அனுப்புதா பாத்தியளா," என்று என் மேஜைக்கு வந்து முறையிட்டார். "எங்க அப்பன் கேட்டா சிரிப்பான்."

"கேட்டா அவ சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்னு சொல்லுங்கண்ணா," என்றேன்.

"அதுக்குத்தான போறேன். இல்லன்னா போவனா?"

அண்ணன் உப்புக்கு மாறிய பிறகு அக்கா ஆளே மாறிவிட்டார். எவ்வளவு நிம்மதியாக இருந்தார். முகத்தில் சதை பிடித்தது. லேபிள் ஒட்டும்போது பாட்டு முனகினார். அண்ணன் உப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வழியில் எங்காவது நிறுத்திப் போன் செய்வார். அக்கா கையில் கிளவுஸ் இருக்கும், அதனால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டுவார். குடோன் முழுக்கக் கேட்கும்.

"ஏட்டி, வர நேரமாவும். நீ சாப்ட்டுட்டுப் படு."

"நீங்க வாங்க. சேந்தே சாப்பிடலாம்."

ஒவ்வொரு நடைக்கும் இதே இரண்டு வரிதான். அவர் ஒரு தடவைகூடச் சாப்பிடாமல் இரு என்று சொன்னதில்லை, இவர் ஒரு தடவைகூடச் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததில்லை. லோடுமேன்கள் அந்த வசனத்தை நடித்துக்காட்டுவார்கள். அக்கா அவர்களை ஈரத்துணியால் அடிக்க ஓடுவார்.

ஒருநாள் அண்ணன் லாரியின் அடிப்பக்கத்தைப் போனில் படம் எடுத்துவந்து காட்டினார். இரும்பு முழுக்கத் துரு ஏறி, அப்பளம்போலப் பொரிந்து நின்றது. மூட்டையிலிருந்து கசிகிற உப்புத்தண்ணீர் வருஷக்கணக்காகச் செய்த வேலை.

"பாருட்டி, உன் உப்பு என் வண்டியத் தின்னுட்டு இருக்கு."

அக்கா படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "இரும்பைத்தானுங்க தின்னுது? தின்னுட்டுப் போகட்டும். உங்களைத் திங்காம இருந்தாச் சரி."

அந்தப் பேச்சு நடந்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் சிரித்தேன். அதில் சிரிக்காமல் இருக்க என்ன இருந்தது?

அது திங்கட்கிழமை. அசிட்டிக் ஆசிட் லோடு வந்திறங்கியிருந்தது. அக்கா டிரம் டிரம்மாக ஒட்டிக்கொண்டு வந்தார். முதல் டைமண்ட், பக்கத்தில் இரண்டாம் டைமண்ட். மேனேஜர் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் பில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, மடத்துக்குளத்துக்கிட்ட நம்ம வண்டி ஆக்சிடென்ட் ஆயிருச்சுங்க."

எங்கள் வண்டிக்கு விபத்து என்றால் அக்கா முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தீயணைப்புக்காரர்களுக்கு என்ன சொல்ல வேண்டும், தண்ணீர் ஊற்றலாமா கூடாதா, சுற்றி இருக்கிறவர்களை எவ்வளவு தூரம் விரட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அன்றும் அதையே கேட்டார்.

"என்ன லோடு?"

"உப்புங்க்கா."

"அப்ப ஒண்ணும் ஆயிருக்காது," என்றார்.

சொல்லிவிட்டு, கையிலிருந்த டைமண்டை ஒட்டி, நான்கு முனைகளையும் அழுத்தித் தேய்த்தார். நான்காவது முனையைத் தேய்க்கும்போதுதான் உப்பு வண்டி யாருடையது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டைவிரல் அங்கேயே நின்றது. திரும்பி மேனேஜரைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரில் நான்தான் கூடப் போனேன். உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அக்கா முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மடத்துக்குளம் தாண்டி, ரோட்டோரம் ஒரு புளியமரத்தில் லாரியின் முன்பக்கம் புதைந்திருந்தது. மாதா படம் இருந்த கண்ணாடி இல்லை. ரோடு முழுக்க உப்பு. வெயிலில் கண் கூசியது. பெண்கள் சிலர் ஓரத்தில் குனிந்து பையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அக்கா கோபப்படவில்லை. உப்பின்மேல் நடந்து மரம்வரை போனார். செருப்பின் அடியில் அது நொறுங்குகிற சத்தம் கேட்டது.

கரும்பு டிராக்டர் ஓட்டிவந்த பெரியவர் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா யாரென்று தெரிந்ததும் எழுந்து கும்பிட்டார்.

"நான் தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு ஏறிட்டனுங்க சாமி. அவரு தூரத்துலயே பாத்துட்டாரு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் வந்தாரு, வண்டி நிக்கல. என்ற மேல வண்டி ஏறக்கூடாதுன்னு மரத்துப் பக்கம் ஒடிச்சுட்டாருங்க."

அக்கா அவருடைய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். "நீங்க நல்லா இருக்கீங்கள்ல? அது போதுங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் வலதுகை மட்டும் துணிக்கு வெளியே இருந்தது. பெராக்சைடு பட்டு வெளுத்த கை. அக்கா அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அபாயம் என்று அவர் பெரிதாகப் படம் போட்டு ஒட்டி அனுப்பிய சரக்கு அவ்வளவோடு விட்டுவிட்டிருந்தது.

அடக்கம் முடிந்த சில நாளில் எங்கள் லாரிகளைப் பார்க்கிற மெக்கானிக் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். துக்கம் கேட்கத்தான் வந்தார். ஆனால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை போல, சட்டைப்பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரேக் பைப்.

"வண்டி அடியில போற பைப்புங்க. உப்புத்தண்ணி சொட்டிச் சொட்டி வெளியில இருந்து அரிச்சிருக்குது. பாக்க முழுசாத்தான் இருந்திருக்கும். அழுத்தி மிதிச்சப்ப வெடிச்சிருச்சு."

அக்கா அதை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். பிஸ்கட்போல உதிர்ந்தது. பழுப்புத் தூள் மேஜையில் விழுந்தது.

அதைக் கையால் ஒன்றாகக் கூட்டினார். பிறகு என்னிடம், பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"அரிக்கிற பொருளுக்குன்னு ஒரு கிளாஸ் இருக்குது கண்ணு. ஒரு வருசத்துல இவ்வளவு கனத்துக்கு மேல இரும்பைத் தின்னாத்தான் அதுல சேப்பாங்க. உப்பு அவ்வளவு வேகமாத் திங்காது. மெதுவாத்தான் திங்கும். அதனால அதுக்கு டைமண்டு கெடையாது. ரூல்ல தப்பில்ல." விரலில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு, "டைமண்டு இல்லைன்னா அபாயம் இல்லைன்னு நான்தான் நெனச்சுக்கிட்டேன்," என்றார்.

மறுபடி வேலைக்கு வந்தார். ரப்பர் கிளவுஸ், ஆண்கள் சட்டை. அது யாருடைய சட்டை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லேபிள்கள் பழையபடி நேராக நின்றன. மனிதர்களுக்கு ஒட்டுவது மட்டும் நின்றுவிட்டது. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று ஒருநாள் நானே கேட்டேன், என் இரண்டாம் அபாயம் என்னவென்று இப்போதாவது கண்டுபிடித்தீர்களா அக்கா என்று.

"எல்லாத்துக்கும் ஒட்டினேன். எனக்கு ஒட்டாம உட்டுட்டேன் கண்ணு," என்றார்.

முதல் அபாயம் வாய் என்று பெயர் வாங்கிய நான் அடுத்த லேபிளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

ஓனர் பழைய லாரியை விற்றுவிட்டு, உப்புக்கு வாடகை வண்டி வரவழைத்தார். அந்த வண்டிகள் வரத் தொடங்கிய பிறகு அக்காவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. உப்பு லாரி உள்ளே நுழைந்தால் கையில் டார்ச்சும் ஒரு பழைய ஸ்குரு டிரைவரும் எடுத்துக்கொண்டு போய், தரையில் சாக்கு விரித்து, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். பிரேக் பைப்பை நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போவார். டொக், டொக், டொக். நல்ல இரும்புக்கு ஒரு சத்தம், தின்றுபோன இரும்புக்கு ஒரு சத்தம் என்பார். வெளியே வரும்போது தலைமுடியில் உப்பு ஒட்டியிருக்கும். டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். கதை தெரிந்தபிறகு அவர்களே சாக்கை விரித்து வைத்தார்கள். அவருடைய வேலையில் இது கிடையாது, எந்த ரூலிலும் இது கிடையாது. ஓனர் பார்த்தும் பாராததுபோல இருந்தார். அந்த மனுஷனுக்கும் ராத்தூக்கம் இருந்திருக்காது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்துவிட்டேன். அக்காவும் பிறகு வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன் நம்பர் மாறிவிட்டது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு வருவது, நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பார்த்த ஒரு சாயங்காலம்தான்.

உப்பை இறக்கிவிட்டு ஒரு லாரி கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் புதிது, முப்பது வயதுக்குள் இருப்பான். கதை தெரியாது. அக்கா வண்டிக்கு அடியில் தட்டிக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் நின்று, திரும்பத் திரும்ப அங்கேயே தட்டினார். வெளியே வந்து, நேராகக் கேபினில் ஏறி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

"எக்கா, என்ன செய்யுதிய? நீங்க என்ன இன்ஸ்பெக்டரா?" என்றான் டிரைவர். தூத்துக்குடிப் பேச்சு. அதைக் கேட்டதும் அக்கா சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"பைப்பை மாத்தீட்டுப் போங்க தம்பி."

"ஊருக்குப் போயி மாத்திக்கிடுதேன்க்கா. இன்னைக்குப் போய்ச் சேரணும், பொண்டாட்டி காத்துக்கிட்டு இருப்பா."

"அதுக்குத்தான் சொல்றனுங்க."

அவன் கெஞ்சினான், பிறகு சத்தம் போட்டான். மேனேஜர் வந்து, அடுத்தவங்க வண்டிச் சாவியை நாம எடுக்கறது தப்புங்க்கா என்றார். எங்கள் ஓனரையே குரல் உயர்த்தாமல் மடக்கிய அக்கா அன்று கத்தினார். "தரமாட்டேன்! ஆரு வந்து கேட்டாலும் தரமாட்டேன்!" சாவியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு, லாரியின் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். யாரும் பக்கத்தில் போகவில்லை.

நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் வந்து அடியில் நுழைந்து, அக்கா சொன்ன இடத்தில் கை வைத்தார். பைப் அவர் கையோடு ஒடிந்து வந்தது. அதை வெளியே நீட்டிக் காட்டினார். டிரைவர் வாங்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். படியில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில், தரையில் சக்கரத்தோடு சாய்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்தான்.

"ஏட்டி, வர நேரமாவும். நீ சாப்ட்டுட்டுப் படு," என்றான்.

அக்கா மடியில் இருந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நீங்க வாங்க," என்றார். "சேந்தே சாப்பிடலாம்."

டிரைவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தான். நான் போய் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எங்கள் காலுக்குக் கீழே மெக்கானிக் புதுப் பைப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.